பெட்டி விழுந்த எழுத்து

திருத்துறைப்பூண்டி ரயிலடிக்குப் போகிற தெருவில்
என் டிடிபி கடை.
கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி,
கூட்டுறவு சங்கத்துக்கு மனு.
நடுவில் ஒருநாள் முத்துப்பேட்டையிலிருந்து
நெய்னா முகம்மது கொண்டுவந்தார்
நூற்றுப் பதினெட்டுப் பக்கம், பச்சை மையில்.

கோபேயில் பதினோரு வருஷம்
முத்துக் கடையில் கணக்கெழுதியவர்.
அந்த ஊர் எழுத்தாளர் ஓர் அம்மாள்
பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கொட்டகையிலும்
மீன் ஏலச் சங்கத்திலும் பேசிய ஆறு உரைகள்.
“வாங்குவாங்களா?” என்றேன்.
“முந்நூறு போதும்” என்றார்.

முதல் உரை அமைதி பற்றி.
குண்டு விழுந்ததற்கு இரண்டே வரி.
மீதியெல்லாம் சோறு.
அவர்கள் பாஷையில் அமைதியின் ஓர் எழுத்து
ஒரு பக்கம் நெற்கதிர், ஒரு பக்கம் வாயாம்.
வாய்க்கும் கதிருக்கும் நடுவே
யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள், என்கிறார்.
அந்த எழுத்தை அடிக்கப் போனேன்.
என் கம்ப்யூட்டரில் இல்லை.
வெறும் பெட்டி விழுந்தது.

நெய்னா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.
“பெட்டி இல்லம்மா.
அவங்க வாய்னு எழுதுறதே இப்படித்தான்.
கதிரைத்தான் காணோம்.”

அந்த வாரம் எங்கள் வயலிலும் அதே எழுத்து.
மேட்டூர் திறந்து நாற்பது நாள்.
முள்ளியாற்றில் முறை வைத்து விட்ட தண்ணீர்
பக்கிரிசாமி வயலைத் தாண்டித்தான்
எங்களுக்கு வரவேண்டும்.
அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும்
மூன்று சம்பாவாய்ப் பேச்சில்லை.
இரண்டு பேர் கையெழுத்தும் சேர்ந்திருப்பது
போலீஸ் ஸ்டேஷனில், ஒரே தாளில்.

இரண்டாம் உரையில் ஒரு சொல் இடறியது.
முதலில் ‘கண்ணியம்’ என்று எழுதி அடித்திருந்தார்.
பிறகு ‘நாகரிகம்’.
அதையும் அடித்துவிட்டு இடம் விட்டிருந்தார்.
அந்த அம்மாள் சொல்லும் உதாரணம் சின்னது:
வந்தவர் கழற்றிப்போட்ட செருப்பை
திரும்பிப் போகையில் காலுக்கு வாகாக
வாசலைப் பார்த்துத் திருப்பி வைப்பது.
யாரும் பார்க்காதபோது.
நான் கேட்காமலே
‘பதவிசு’ என்று அடித்துவிட்டேன்.

அன்று ராத்திரி மண்வெட்டியோடு போனவர்
விடியுமுன் வந்தார். முழங்கால் வரை சேறு.
“வெட்டுனீங்களா?”
“வெட்டுனேன். ஒரு சாண்தான்.”
சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு
வேறு எங்கோ பார்த்தபடி:
“மடைகிட்ட காவலுக்குப் படுத்தவன் தூங்கிட்டான்.
செருப்பு வாய்க்கால் ஓரமா கெடந்துச்சு.
தண்ணி அடிச்சிட்டுப் போயிடும்னு
வரப்பு மேல எடுத்து வச்சேன்.”
எந்தப் பக்கம் பார்த்து என்று
கேட்க வந்தது.
கேட்கவில்லை.

ஆறாம் உரை கலை.
ஒரு பையன் எழுந்து கேட்கிறான்,
கதை எழுதி எந்தச் சண்டை நின்றது?
‘பேச்சாளர் வெகுநேரம் பதில் சொல்லவில்லை’
என்று அடைப்புக்குறிக்குள் இருக்கிறது.
“இதுக்கு எத்தனை வரி இடம் விடணும்?”
காகித விலையையும் சொன்னேன்.
யோசித்து, “நாலு” என்றார்.
ஐந்து விட்டேன்.

ப்ரூஃப் திரும்பி வந்தது.
‘பதவிசு’வைப் பச்சை மையால் அடித்திருந்தார்.
அப்புறம் அதன் அடியில் புள்ளி புள்ளியாய் வைத்து
ஓரத்தில் ‘இருக்கட்டும்’.

பெட்டிகளை அப்படியே விடச் சொன்னார்.
அச்சாகி வந்ததும்
ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கம்
கையாலேயே கதிர் போடுவாராம்.
ஒரு புத்தகத்தில் பதினேழு இடம்.
முந்நூறு புத்தகம்.

ஷட்டரை இழுத்துவிட்டுக் கணக்குப் பார்த்தேன்.
ஐயாயிரத்து நூறு கதிர்.
பால் பிடித்து முற்றினால்
நாலு மரக்கால் நெல் தேறும்,
ஒரு வீட்டுக்கு ஒரு வாரம் காணும்.
எங்கள் வீட்டில் நாலு பேர்.
பக்கிரிசாமி வீட்டில் ஐந்து.